நர்சு கேட்கும் கேள்வி புரிகிறதா?

தூத்துக்குடிப் பக்கம் ஒருவருக்கு உடல்நலம் கெட்டால், "மேலுக்கு முடியவில்லை" என்று சொல்லுவார்கள். இங்கே "மேல்" என்றால் உடம்பு. "மேல் வலிக்கிறது" என்றால், உடம்பு முழுவதும் வலிக்கிறது என்று பொருள்.

வேறு ஊரில் பிறந்து வளர்ந்த ஒரு நர்சு, கையில் கேள்வித்தாளுடன் கடற்கரைத் தெருவுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

"பாட்டி, உங்களுக்கு எங்கே வலி?" என்று நர்சு கேட்கிறார்.

"மேல்தான் வலிக்குது, தாயி" என்கிறார் பாட்டி.

நர்சு எதை எழுதுவார்? "தோள்பட்டை வலி" என்று எழுதலாம். "தலைவலி" என்றும் எழுதலாம். இரண்டும் தவறு!

பாட்டி பொய் சொல்லவில்லை. நர்சும் பொய் எழுதவில்லை. ஆனால் தாளில் ஏறியது பொய்.

இப்படி நூறு வீடுகளில் எழுதிக் கூட்டினால், ஊருக்கே தோள்பட்டை வலி என்று கணக்கு வந்துவிடும். அந்தக் கணக்கை நம்பி மருந்தும் வரும். வலி மட்டும் போகாது.

எதற்காகக் கேட்கிறார்கள்?

நர்சு வேலை என்றால் ஊசி போடுவதும் கட்டுக் கட்டுவதும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி வேலை.

நோயாளியை எது வாட்டுகிறது, எப்படிக் கவனித்தால் அது குறையும் என்று கண்டறிவதும் நர்சு வேலைதான். அதற்கு நர்சிங் ஆராய்ச்சி என்று பெயர்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946-ம் ஆண்டு நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. இன்று நர்சிங் பட்டத்துக்குப் படிப்பவர்கள், படிப்பின் ஒரு பகுதியாக ஆராய்ச்சியும் செய்கிறார்கள்.

காய்ச்சலைத் தெர்மாமீட்டர் அளந்து சொல்லும். ரத்த அழுத்தத்தை அளக்கவும் கருவி இருக்கிறது. ஆனால் வலியை எதனால் அளப்பது? கவலையை எதனால் அளப்பது? தூக்கமில்லாமல் தவிப்பதை எதனால் அளப்பது?

கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே, கேள்வித்தாளும் ஒரு தெர்மாமீட்டர்தான்.

பழுதான தெர்மாமீட்டரை யாரும் நோயாளியின் வாயில் வைக்கமாட்டார்கள். ஆனால், சோதித்துப் பார்க்காத கேள்வித்தாள்கள் மட்டும் வீடு வீடாகப் போகின்றன. இங்கிலீஷில் எழுதிய கேள்விகளை அவசரமாகத் தமிழாக்கி, மறுநாளே தெருவுக்கு எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வழக்கம் நிற்க வேண்டும்.

கேள்வியால் காத்த உயிர்கள்

நல்ல கேள்வி எவ்வளவு செய்யும் என்பதைக் காட்டியவர் ஒரு நர்சுதான். அவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

கிரிமியா போரில், 1854-ம் ஆண்டு முதல் காயம்பட்ட சிப்பாய்களைக் கவனித்தவர் அவர். கையில் விளக்குடன் இரவில் நோயாளிகளைப் பார்த்து வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அவர் இந்தியாவுக்குக் கேள்வித்தாள் அனுப்பிய கதை பலருக்குத் தெரியாது.

இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் அப்போது கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 69 பேர் மாண்டார்கள். சண்டையில் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்களே மிகுதி.

இதை விசாரிக்க 1859-ம் ஆண்டு ஒரு குழு அமைக்கப்பட்டது. அதற்காக நைட்டிங்கேல் கேள்விகளைத் தயாரித்தார். குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிவுநீர் எங்கே போகிறது? படுக்கும் அறையில் காற்று வருகிறதா? ஆஸ்பத்திரி எப்படி இருக்கிறது? இப்படிக் கேட்டு, இந்தியாவில் இருந்த ராணுவ முகாம்களுக்கு எல்லாம் அனுப்பினார்கள்.

பதில்கள் மூட்டை மூட்டையாகப் போய்ச் சேர்ந்தன. 1863-ம் ஆண்டு வந்த அறிக்கை சுமார் 2,000 பக்கம்! முகாம்களில் தண்ணீரும் சாக்கடையும் சீர்திருத்தப்பட்டன. பத்தே ஆண்டுகளில் சாவு ஆயிரத்துக்கு 18 ஆகக் குறைந்தது என்று நைட்டிங்கேல் எழுதினார்.

அவர் ஒரு நாள்கூட இந்திய மண்ணை மிதித்தது இல்லை. கேள்விதான் அவருக்குக் கண்ணாக இருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கேள்விகள் அதிகாரிகளுக்குப் போனவை. அதிகாரிகளுக்கு இங்கிலீஷ் தெரியும். கேள்வி புரிந்தது, பதில் வந்தது. இன்று கேள்வி போவது மீனவர் வீட்டுக்கு; உப்பளத் தொழிலாளி வீட்டுக்கு. அங்கே கேள்வி புரிய வேண்டாமா?

தாயின் மனம்

கேள்வி புரியாவிட்டால் என்ன கேடு வரும்? ஓர் எடுத்துக்காட்டு போதும்.

பிள்ளை பெற்ற சில தாய்மார்களுக்கு மனச்சோர்வு வருகிறது. காரணம் இல்லாமல் அழுகிறார்கள். தூங்க முடியாமல் தவிக்கிறார்கள். குழந்தையைத் தூக்கவும் மனம் வருவதில்லை. "காத்து கருப்பு பட்டுவிட்டது" என்று வீட்டில் சொல்லுவார்கள். அது நோய், டாக்டரிடம் போனால் குணமாகும்.

வேலூரை அடுத்த கிராமங்களில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2002-ம் ஆண்டு வெளிவந்தது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் நூற்றுக்கு 11 பேர் என்று அது சொன்னது.

இந்த நோயைக் கண்டுபிடிக்க, பிரிட்டனில் 1987-ம் ஆண்டு ஒரு கேள்வித்தாள் வந்தது. அதன் பெயர் எடின்பரோ கேள்வித்தாள். மொத்தம் பத்துக் கேள்விகள். ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் அதிகம் போனால் 30.

அதில் ஒரு கேள்வி, வேலைகளைச் சமாளிக்க முடியாமல் போகிறதா என்பது பற்றியது. அதற்கு அவர்கள் ஓர் இங்கிலீஷ் மரபுத் தொடரைப் போட்டிருக்கிறார்கள். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், "சாமான்கள் என் மேல் ஏறி உட்காருகின்றன" என்பது போல ஆகிவிடும்! அதைக் கேட்ட தாய் பரணைத்தான் பார்ப்பாள்.

"எதையும் சமாளிக்க முடியவில்லை என்று தோன்றுகிறதா?" என்று கேட்டால், உடனே புரியும்.

சொல் மட்டும் மாறினால் போதாது. மதிப்பெண்ணும் மாறும். பிரிட்டனில் 13 மதிப்பெண் வந்தால், மனச்சோர்வு இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டார்கள். தமிழ்க் கேள்வித்தாளைத் தமிழ்த் தாய்மார்களிடம் சோதித்த ஆராய்ச்சி 2005-ம் ஆண்டு வெளிவந்தது. இங்கே 9 மதிப்பெண் வந்தாலே கவனிக்க வேண்டும் என்று தெரிந்தது.

இந்த வேறுபாட்டைச் சிறிது என்று நினைக்கக் கூடாது. சோதிக்காமல் பிரிட்டிஷ் கணக்கையே வைத்துக்கொண்டால் 9, 10, 11, 12 மதிப்பெண் எடுத்த தாய்மார்களை எல்லாம், "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நோயுள்ள தாய் நோயோடு திரும்பிப் போவாள்.

பத்தாவது கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு ஒரு தாய் "ஆமாம்" என்று சொன்னால், நர்சு அதை எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடக் கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால், அரசின் மனநல உதவியும் கிடைக்கும்.

கரை மக்களிடம் கேட்பது எப்படி?

தூத்துக்குடியில் கேள்வி கேட்பவர்கள், தூத்துக்குடி வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணிடம், "தினமும் உடற்பயிற்சி செய்கிறீர்களா?" என்று கேட்டால், "இல்லை" என்பார். தாளில், "உடல் உழைப்பு இல்லாதவர்" என்று ஏறிவிடும். வெயிலில் நின்று உப்பு வாரிச் சுமக்கிறவருக்கு உழைப்பு இல்லையாம்! உலகச் சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாள், தொழிலில் செய்யும் உழைப்பைத் தனியாகவும், ஓய்வு நேரப் பயிற்சியைத் தனியாகவும் கேட்கிறது. அதுதான் முறை.

மீன்பிடிப்பவரிடம், "மாதச் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்கக் கூடாது. அவருக்குப் பங்குதான் உண்டு. மீன் பட்டால் பணம், படாவிட்டால் வெறுங்கை. நல்ல மாதத்தில் எவ்வளவு, வேலையில்லாத மாதத்தில் எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

"கடந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை காய்ச்சல் வந்தது?" என்றால் பலருக்கு நினைவு வராது. "மாதா கோவில் திருவிழாவுக்குப் பிறகு காய்ச்சல் வந்ததா?" என்று கேட்டால் வரும். பனிமய மாதா திருவிழா ஜூலை 26-ல் கொடி ஏறி, ஆகஸ்ட் 5-ல் முடிகிறது. தேதி மறந்தவர்களும் திருவிழாவை மறக்கமாட்டார்கள்.

கடலோரத்தில் காற்றை வைத்தும் காலம் சொல்லுவார்கள். வாடை வீசும்போதா, கச்சான் வீசும்போதா என்று கேட்கலாம். பழைய நோயைப் பற்றிக் கேட்கும்போது, 2004 சுனாமிக்கு முன்னா பின்னா, 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு முன்னா பின்னா என்று கேட்கலாம்.

"வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண்?" என்றால், பள்ளிக்கூடம் போகாத பெரியவர் விழிப்பார். ஆனால் அவரே, "ரூபாய்க்கு நாலணா குறைஞ்சிருக்கு" என்று கணக்காகச் சொல்லுவார். அணாக் காசு போனாலும் அந்த அளவு போகவில்லை. கால், அரை, முக்கால் என்று கேட்டால் போதும்.

எழுத்தே தேவைப்படாத கேள்வித்தாளும் உண்டு. அமெரிக்காவில் டோனா வாங் என்ற நர்சும், கோனி பேக்கர் என்ற பெண்மணியும் 1980-களில் அதைச் செய்தார்கள். ஒரே வரிசையில் ஆறு முகங்கள். முதல் முகம் சிரிக்கும். கடைசி முகம் அழும். வலிக்கும் குழந்தை, தன் வலிக்கு ஏற்ற முகத்தை விரலால் தொட்டுக் காட்டும்.

"ஆமாம்" என்றால் என்ன?

தமிழில் இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது.

"மாத்திரை சாப்பிடவில்லையா?" என்று நர்சு கேட்கிறார். நோயாளி "ஆமாம்" என்கிறார். சாப்பிட்டாரா, சாப்பிடவில்லையா?

"ஆமாம், சாப்பிடவில்லை" என்பது நோயாளியின் பொருள். தாளில் "ஆமாம்" என்ற கட்டத்தில் குறி விழுந்தால், பிறகு கணக்குப் பார்ப்பவர், "சாப்பிட்டார்" என்று எடுத்துக்கொள்ளலாம். ஆகவே, "இல்லையா" என்று முடியும் கேள்வியே கூடாது. "நேற்று மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்று நேராகக் கேட்க வேண்டும்.

"மீனும் கீரையும் தினமும் சாப்பிடுகிறீர்களா?" என்பதும் தவறு. மீன் சாப்பிட்டு, கீரை சாப்பிடாதவர் என்ன சொல்லுவார்? ஒரு கேள்வியில் ஒன்றைத்தான் கேட்க வேண்டும்.

"சோப்புப் போட்டுக் கை கழுவுகிறீர்கள் அல்லவா?" என்று கேட்டால், எல்லோரும் "ஆமாம்" என்பார்கள். வீடு தேடி வந்தவரிடம் "இல்லை" என்று சொல்ல யாருக்கும் கூச்சம். "கை கழுவும் இடத்தைக் காட்டுகிறீர்களா?" என்று கேட்டுப் போய்ப் பார்க்க வேண்டும். சோப்பு இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை!

முத்துக்குளித்தவர்கள் காட்டிய வழி

கேள்வித்தாளைச் சோதிப்பது எப்படி? தூத்துக்குடிக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியது இல்லை.

இங்கே அரசு முத்துக்குளிப்பு நடத்திய காலத்தில், நினைத்த உடனே படகுகளைக் கடலில் இறக்கிவிடமாட்டார்கள். முதலில் சிலரை அனுப்பி முத்துப் பாரைப் பார்வையிடுவார்கள். மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுப்பார்கள். அதைத் திறந்து, கிடைத்த முத்துக்கு விலை மதிப்பார்கள். தேறும் என்று தெரிந்த பிறகுதான் முத்துக்குளிப்பை அறிவிப்பார்கள். 1961-ம் ஆண்டோடு அந்த முத்துக்குளிப்பு நின்றுபோனது. அந்த முறை நிற்க வேண்டியது இல்லை.

கேள்வித்தாளுக்கும் அதுதான் முறை.

முதலில், இரண்டு மொழியும் தெரிந்த இருவர் தனித்தனியே தமிழாக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும்.

பிறகு, மூலத்தைப் பார்க்காத ஒருவர் அந்தத் தமிழை மறுபடி இங்கிலீஷாக்க வேண்டும். மூலத்தின் பொருள் திரும்பி வந்தால் சரி. பொருள் மாறி வந்தால், எங்கோ பிழை இருக்கிறது. ரிச்சர்டு பிரிஸ்லின் என்ற அறிஞர் 1970-ம் ஆண்டு இந்த முறையை விளக்கி எழுதினார்.

அதன் பிறகு, தெருவுக்குப் போக வேண்டும். சில பேரிடம் கேள்வியைப் படித்துக் காட்டி, "இதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்க வேண்டும். இங்கேதான் உண்மை வெளிப்படும். "மேல்" என்றால் உடம்பு என்று கல்லூரியில் யாரும் சொல்லமாட்டார்கள். பாட்டி சொல்லுவார்.

சில நாள் கழித்து, அதே ஆளிடம் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். நோய் மாறாமல் பதில் மட்டும் மாறினால், கேள்வியில் கோளாறு. கடைசியாக, கேள்வித்தாள் சொல்வதும் டாக்டர் பார்த்துச் சொல்வதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம், வாழ்க்கை நலம் பற்றிய ஒரு கேள்வித்தாளை 1990-களில் தயாரித்தது. ஜெனீவாவில் உட்கார்ந்து எழுதி, மற்ற நாடுகளுக்கு அனுப்பவில்லை. உலகத்தில் 15 ஊர்களில் மக்களைக் கேட்டு எழுதினார்கள். அந்த 15 ஊர்களில் சென்னையும் ஒன்று. தமிழ் பேசும் மக்களையும் கேட்ட பிறகே, அந்த 100 கேள்விகள் உருவாயின.

மறுப்பும் பதிலும்

"கேள்வியை மாற்றினால், வெளிநாட்டு முடிவோடு எப்படி ஒப்பிடுவது?" என்று சிலர் கேட்கிறார்கள்.

சொல்லை மாற்றலாம், பொருளை மாற்றக் கூடாது. கேள்வியை எழுதியவரிடம் அனுமதியும் பெற வேண்டும். பொருள் ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிடவே முடியும். சொல் ஒன்றாக இருந்து பொருள் மாறினால், அந்த ஒப்பீடு வீண்.

"மாணவிகளுக்கு நேரம் ஏது?" என்றும் கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி. படிப்பு, ஆஸ்பத்திரி வேலை, தேர்வு இவற்றுக்கு இடையில் ஆராய்ச்சியும் செய்ய வேண்டியிருக்கிறது.

அதற்கு வழி உண்டு. ஒவ்வொரு மாணவியும் புதிதாகத் தொடங்க வேண்டியது இல்லை. சோதித்துச் சரிபார்த்த தமிழ்க் கேள்வித்தாள்களை, நர்சிங் கல்லூரிகள் ஒன்றுசேர்ந்து ஒரே இடத்தில் சேர்த்து வைக்கலாம். எந்த ஊரில் சோதித்தது, எந்தச் சொல் எந்த ஊரில் புரியவில்லை என்றும் குறித்து வைக்கலாம். அடுத்து வரும் மாணவி, பாதி வழியில் இருந்து தொடங்குவாள். சோதிக்காத தாளைக் கல்லூரி வாசலைத் தாண்ட விடக் கூடாது.

வீட்டார் செய்ய வேண்டியது

வீட்டார் கையிலும் பொறுப்பு இருக்கிறது. 2021-ம் ஆண்டு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தால், சுகாதார ஊழியர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். கேள்வியும் வாசலுக்கு வருகிறது.

கேள்வி புரியாவிட்டால், "புரியவில்லை, வேறு மாதிரி சொல்லம்மா" என்று கேட்க வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெட்கப்பட வேண்டியது கேள்விதான்.

மரியாதைக்காக "ஆமாம்" என்று சொல்லக் கூடாது. உள்ளதைச் சொல்ல வேண்டும்.

மருமகளிடம் கேட்கும்போது, மாமியார் பதில் சொல்லக் கூடாது. இளம் தாயைத் தனியாகப் பேச விட வேண்டும்.

ஆராய்ச்சி என்றால், எதற்காகக் கேட்கிறார்கள், பதிலை ரகசியமாக வைப்பார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விருப்பம் இல்லாவிட்டால் பதில் சொல்ல மறுக்கலாம். அதற்காகச் சிகிச்சையை யாரும் குறைக்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகள் இந்த உரிமையைத் தருகின்றன.

மருந்தில் கலப்படம் இருந்தால் ஊரே கொதிக்கிறது. கேள்வியில் கோளாறு இருந்தால் யாருக்கும் தெரிவது இல்லை. ஆனால் மருந்து எது என்று முடிவு செய்வதே அந்தக் கேள்விதான்.

நர்சு முதலில் மக்களின் மொழியில் கேட்கக் கற்றுக்கொள்ளட்டும். மக்கள் மனம் திறந்து பதில் சொல்லுவார்கள்.